மழைக்காலக் காய்ச்சல் யாருக்கு முற்றுகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் காய்ச்சல் செய்திகளும் தொடங்கிவிடுகின்றன. எந்த வைரஸ், எந்த மாவட்டம், எத்தனை பேர் அனுமதி, எத்தனை படுக்கைகள் தயார் என்று உங்கள் நாளிதழும் விவரமாகவே வெளியிடுகிறது. ஒரே வீட்டில் மகனுக்கு நாலு நாளில் விட்டுவிடும் காய்ச்சல் அப்பாவை மட்டும் ஏன் ஐசியூ வரைக்கும் கொண்டுபோகிறது என்பது அந்தச் செய்திகளில் இருப்பதில்லை. வாசகருக்கு உயிர்காக்கும் தகவல் அதுதான். 2025 ஜனவரியில் சென்னையிலும் சேலத்திலும் எச்எம்பிவி என்ற மூச்சுப்பாதை வைரஸின் தொற்று உறுதியானபோது ஊரெல்லாம் "புது வைரஸா?" என்றே கேட்டது. 2001-லேயே நெதர்லாந்தில் கண்டறியப்பட்ட பழைய வைரஸ் அது. ஃபுளூ, கொரோனா, கைக்குழந்தைகளை அதிகம் தாக்கும் ஆர்எஸ்வி, எச்எம்பிவி எதுவானாலும் நோய் முற்றக்கூடியவர்களின் பட்டியல் ஏறத்தாழ ஒன்றுதான். அந்தப் பட்டியலையும், பட்டியலில் இருப்பவருக்குக் காய்ச்சல் கண்டால் முதல் இரண்டு நாளில் என்ன செய்ய வேண்டும் என்பதையும் மழைக்கு முன்பே மக்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அதற்காகவே இதை எழுதுகிறோம்.

முதலில் காலம். இந்தியாவின் பெரும்பகுதியில் ஃபுளூ காய்ச்சல் ஜூலை முதல் செப்டம்பர் வரை தலைதூக்கும். சென்னை, வேலூர் கண்காணிப்பு மையங்களில் எடுத்த மாதிரிகள் அக்டோபர், நவம்பரில்தான் உச்சம் காட்டின. எனவே டெல்லியில் காய்ச்சல் அடங்கிவிட்டது என்ற செய்தியைப் பார்த்து நாம் நிம்மதியடைய முடியாது. நமக்கு அப்போதுதான் ஆரம்பம். அதே மாதங்களில் டெங்குவும் எலிக்காய்ச்சலும் சேர்ந்து வருவது நம் ஊரின் கூடுதல் சிக்கல்.

வயதிலிருந்து தொடங்குவோம். உலகமெங்கும் 65 வயதுக்கு மேற்பட்டவர்களை அபாயப் பிரிவில் வைக்கிறார்கள். வயதாக ஆக இருமும் வலு குறைகிறது, மூச்சுக்குழாயில் சளியை மேலே தள்ளும் நுண்ணிய முடிகள் மந்தமாகின்றன, எதிர்ப்பணுக்கள் உருவாகத் தாமதமாகிறது. காரணம் இவ்வளவுதான். ஆனால் நம் மாநிலத்தில் 65 வரை காத்திருக்கக் கூடாது. கொரோனா முதல் அலையில் தமிழ்நாடு, ஆந்திரத் தரவுகளை வைத்து 2020-ல் 'சயின்ஸ்' ஆய்விதழில் வெளியான ஆய்வு, 5 முதல் 17 வயதுள்ள நோயாளிகளில் இறப்பு 0.05 சதவீதம் என்றும் 85 வயதைத் தாண்டியவர்களில் 16.6 சதவீதம் என்றும் கணக்கிட்டது. அதே ஆய்வில் இறந்தவர்களில் 63 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு நாள்பட்ட நோயாவது இருந்தது. 45 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். இறப்புகள் அதிகம் குவிந்தது 50-லிருந்து 64 வயதுக்குள். ஐம்பது வயதில் சர்க்கரையும் பிரஷரும் தொப்பையுமாக இருப்பவர் "நமக்கென்ன வயசா ஆகிவிட்டது" என்று நினைக்கிறார். பட்டியலில் அவர் இருக்கிறார்.

வயதானவர்கள் விஷயத்தில் இன்னொன்றையும் வீட்டார் கவனிக்க வேண்டும். எழுபதைத் தாண்டியவருக்குக் கடுமையான நுரையீரல் தொற்றிலும் காய்ச்சல் அடிக்காமலே போகலாம். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று நேரம் காலம் தெரியாமல் பேசுவது, காரணமின்றித் தடுக்கி விழுவது, சாப்பாட்டை ஒதுக்குவது, பகலெல்லாம் தூங்கி வழிவது, படுக்கையில் சிறுநீர் போய்விடுவது ஆகியவையே அறிகுறி. "வயசாச்சு, அப்படித்தான்" என்று இரண்டு நாளைக் கடத்திவிடுகிறார்கள். திடீரென வந்த மாற்றம் எதுவும் வயதினால் வருவதில்லை.

சர்க்கரை நோயைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வின்படி நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. தேசிய சராசரி 11.4 சதவீதம், தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கும்போது கிருமியை விழுங்கும் வெள்ளணுக்கள் சரியாக வேலை செய்வதில்லை. இது ஒரு பக்கம். தொற்று வந்ததும் உடலில் சுரக்கும் அழுத்த ஹார்மோன்கள் சர்க்கரையை இன்னும் ஏற்றுகின்றன. தொற்று சர்க்கரையை ஏற்ற, சர்க்கரை தொற்றை வளர்க்க, இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிடுகின்றன. இந்தச் சுழலைக் குளுக்கோமீட்டர் இருந்தால் வீட்டிலேயே பிடித்துவிடலாம்.

காய்ச்சல் நாட்களில் நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை விரலில் குத்திப் பாருங்கள். அடுத்தடுத்து இரண்டு முறை 250-ஐத் தாண்டினால் மருத்துவரை அழையுங்கள். 300-ஐத் தாண்டி வாந்தியும் இருந்தால் நேராக மருத்துவமனை. நடக்கும் தவறுகளில் பெரியது, "சாப்பிடவே இல்லையே, எதற்கு ஊசி" என்று இன்சுலினை நிறுத்துவது. சாப்பிடாவிட்டாலும் காய்ச்சலில் சர்க்கரை ஏறும். அளவை மாற்ற வேண்டியிருக்கலாம். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. அடுத்த தவறு, சோர்வாக இருக்கிறாரே என்று குளுக்கோஸ் பவுடரைக் கரைத்துக் கொடுப்பது. வெறும் அரிசிக் கஞ்சியும் சர்க்கரையை வேகமாக ஏற்றும். பாசிப்பருப்பு சேர்த்துக் காய்ச்சுங்கள், மோர் கொடுங்கள், முடிந்தவருக்கு முட்டை கொடுங்கள். இதற்கு நேர்மாறான ஒரு எச்சரிக்கையும் உண்டு. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று 'கிளிஃப்ளோசின்' என முடியும் மாத்திரை எடுப்பவர் சாப்பிட முடியாமல், வாந்தியோடு கிடந்தால் அந்த மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கும். சர்க்கரை அவ்வளவாக ஏறாதபோதே ரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்து அதில் இருக்கிறது. நீர்ச்சத்து வற்றிய நிலையில் மெட்ஃபார்மினுக்கும் இதே யோசனை பொருந்தும். மழைக்கு முந்தைய பரிசோதனைக்குப் போகும்போதே "காய்ச்சல் வந்தால் எதை நிறுத்தட்டும், எதைத் தொடரட்டும்" என்று கேட்டு, மருந்துச்சீட்டின் பின்புறம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

உடல் பருமனைப் பலரும் அழகு பற்றிய விஷயமாகவே பார்க்கிறார்கள். 2009-ல் எச்1என்1 உலகெங்கும் பரவியபோதுதான் பருமன் தனியாகவே ஃபுளூவை முற்றவைக்கிறது என்பது தெளிவாகத் தெரிந்தது; கொரோனாவில் அது உறுதியானது. வயிற்றுக் கொழுப்பு, நுரையீரலுக்குக் கீழே இருக்கும் தசையான உதரவிதானத்தை மேலே தள்ளுவதால் நுரையீரலின் அடிப்பகுதி முழுதாக விரிவதில்லை. மல்லாந்து படுத்தால் இன்னும் மோசம். கொழுப்புத் திசு எப்போதும் சிறு அளவில் அழற்சிப் பொருட்களைச் சுரந்துகொண்டே இருப்பதும் சேர்ந்துகொள்கிறது. மேலைநாட்டுப் பட்டியல்களில் பிஎம்ஐ (கிலோ எடையை மீட்டர் உயரத்தால் இருமுறை வகுத்து வரும் எண்) 40-ஐத் தாண்டினால் அபாயம் என்று இருக்கும். நம்மவர்களுக்கு 23-லேயே எடை கூடுதல், 25-லேயே பருமன். 1.65 மீட்டர் உயரமும் 80 கிலோ எடையும் உள்ளவரின் பிஎம்ஐ 29.4, பார்ப்பதற்குச் சற்றுப் பூசினாற்போல மட்டுமே இருப்பார். தொப்புள் மட்டத்தில் இடுப்பளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால் பிஎம்ஐ பார்க்காமலே அவரைப் பட்டியலில் சேர்க்கலாம். குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருபவரையும் விட்டுவிடாதீர்கள்.

இதய நோயாளிக்கு ஃபுளூ வந்தால் நுரையீரலை மட்டும் பார்த்தால் போதாது. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத் தரவுகளைக் கொண்டு 2018-ல் வெளியான ஆய்வில், ஃபுளூ உறுதியான முதல் 7 நாட்களில் மாரடைப்புக்கான வாய்ப்பு மற்ற நாட்களைவிட ஆறு மடங்கு இருந்தது. ஸ்டென்ட் வைத்தவர், பைபாஸ் செய்தவர், இதயச் செயலிழப்பு உள்ளவர் ஆகியோர் காய்ச்சலின்போது ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் தாமாக நிறுத்திவிடக் கூடாது. காய்ச்சலோடு நெஞ்சு இறுக்கமோ, கால் வீக்கமோ, படுத்தால் மூச்சு முட்டுவதோ இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நுரையீரல் நோய்களில் ஆஸ்துமாவும், புகையால் வரும் சிஓபிடி என்ற நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பும் எல்லோருக்கும் தெரிந்தவை. தெரியாமல் விடப்படுவது பழைய காசநோய். பத்து வருடம் முன்பு முழுதாக மருந்து சாப்பிட்டுக் குணமானவருக்கும் நுரையீரலில் தழும்பும் விரிந்த மூச்சுக்குழாயும் மிஞ்சியிருக்கலாம். அவர் "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்வார், மருத்துவரும் கேட்டிருக்க மாட்டார். காய்ச்சலுக்குப் போகும்போது பழைய டிபியைப் பற்றி நீங்களாகவே சொல்லுங்கள். பீடி, சிகரெட் மட்டும் புகை அல்ல. இருபது, முப்பது வருடம் விறகடுப்பில் ஊதிச் சமைத்த பெண்களின் நுரையீரலும் அதே கதிக்கு ஆளாகிறது. இவர்களில் பலர் பரிசோதனைக்கே வந்ததில்லை. மாடிப்படி ஏறினால் இளைக்கிறது என்பதை வயதின் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

ஆஸ்துமா உள்ளவர்களின் வீட்டில் "இன்ஹேலர் பழகிவிடும்" என்ற பயம் இன்னும் போகவில்லை. நன்றாக இருக்கும் மாதங்களில் தடுப்பு இன்ஹேலரை நிறுத்திவிட்டு மழையில் வீசிங் வந்ததும் நீல இன்ஹேலரையே திரும்பத் திரும்ப அடிக்கிறார்கள். மூச்சுக்குழாயின் வீக்கத்தைத் தணிப்பது தினமும் எடுக்கும் தடுப்பு மருந்துதான். நீல இன்ஹேலர் இறுகிய குழாயைச் சில மணி நேரம் தளர்த்துகிறது, அவ்வளவே. செப்டம்பரிலேயே இன்ஹேலரின் எண்காட்டியில் எத்தனை டோஸ் மீதம் என்று பாருங்கள். எண்காட்டி இல்லாத டப்பாவில் மருந்து தீர்ந்த பிறகும் காற்று மட்டும் வந்துகொண்டிருக்கும். மருந்து வருகிறது என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். இன்ஹேலரில் மாட்டும் ஸ்பேசர் என்ற குழாய் வழியாக இழுத்தால் மருந்து தொண்டையில் படியாமல் நுரையீரலுக்குள் போகும். இழுத்தபின் வாய் கொப்பளித்துவிடுங்கள்.

கர்ப்பிணிகள் பட்டியலில் ஏன் இருக்கிறார்கள் என்று பலருக்குப் புரிவதில்லை. இருபத்தைந்து வயதுப் பெண், வேறு நோய் எதுவும் இல்லை. கருப்பை மேலே தள்ளுவதால் நுரையீரலுக்கு இடம் குறைகிறது, இதயம் ஏற்கெனவே கூடுதல் ரத்தத்தைத் தள்ளிக்கொண்டிருக்கிறது, நோய் எதிர்ப்பின் போக்கும் மாறியிருக்கிறது. கடைசி மூன்று மாதம் அதிக ஆபத்து. பிரசவத்துக்குப் பின் இரண்டு வாரம் வரை அது நீடிக்கும். கர்ப்பத்தில் மருந்தே கூடாது என்று காய்ச்சலைப் பொறுத்துக்கொள்வது தாய்க்கும் சிசுவுக்கும் கெடுதல். பாராசிட்டமால் கொடுக்கலாம். ஃபுளூவுக்கான ஓசல்டாமிவிரும் கொடுக்கலாம், தாமதிக்காமல் கொடுக்க வேண்டும். பிரசவமான வீட்டுக்குக் குழந்தை பார்க்க வருகிற சொந்தபந்தங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறோம்: மூக்கு ஒழுகினாலோ தொண்டை கரகரத்தாலோ அந்த வாரம் போகாதீர்கள். அம்மாவுக்கே சளி என்றால் முகக்கவசம் கட்டிக்கொண்டு தாய்ப்பால் கொடுக்கலாம், நிறுத்தத் தேவையில்லை.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், அதிலும் இரண்டு வயதுக்குட்பட்டவர்கள் அபாயப் பிரிவு. ஆறு மாதத்துக்குட்பட்ட கைக்குழந்தைக்கும் குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும் இதயக் கோளாறோடு பிறந்த குழந்தைக்கும் ஆர்எஸ்வி வைரஸ் மிகக் கொடியது. மூச்சின் எண்ணிக்கையை அம்மாவே எண்ணலாம். குழந்தை அழாமல் இருக்கும்போது, முடிந்தால் தூங்கும்போது, சட்டையைத் தூக்கி வயிறு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்கினால் தப்பாகும், கைக்குழந்தையின் மூச்சு சீராக இருக்காது. இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60-ம் அதற்கு மேலும், இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50-ம் அதற்கு மேலும், ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் 40-ம் அதற்கு மேலும் இருந்தால் அது வேகமூச்சு. விலா எலும்புக்குக் கீழே நெஞ்சு உள்வாங்குவது, வழக்கத்தில் பாதிகூடப் பால் குடிக்காதது, சிறுநீர் வெகுவாகக் குறைவது, முனகுவது, உதடு நீலமாவது இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நேரம் பார்க்காமல் கிளம்புங்கள்.

மிச்சமுள்ளவர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம்: சிறுநீரகச் செயலிழப்பு, டயாலிசிஸ், கல்லீரல் சுருக்கம், உறுப்பு மாற்று, புற்றுநோய்ச் சிகிச்சை, கட்டுப்பாட்டில் இல்லாத எச்ஐவி, பக்கவாதம், வலிப்பு, தசைநோய். சரியாக விழுங்கவோ இருமவோ முடியாத யாரும் இதில் சேர்த்தி. மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பவர்களும் உண்டு. பெயர்ச்சீட்டு இல்லாமல் மூட்டுவலிக்கும் இளைப்புக்கும் விற்கிற பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது உண்டு. அதைச் சாப்பிடுபவருக்குத் தாம் இந்தப் பட்டியலில் இருப்பதே தெரியாது. அதைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. பொடியைப் பொட்டலத்தோடு மருத்துவரிடம் எடுத்துப்போய்க் காட்டுங்கள்.

இவை ஒவ்வொன்றும் தனியே நிற்பதில்லை. ஒரே ஆளிடம் இரண்டு மூன்று சேரும்போது ஆபத்து பன்மடங்காகிறது. அதே சமயம் எதுவுமே இல்லாத இளைஞருக்கும் அரிதாக நோய் முற்றும். ஆகவே அபாய அறிகுறிகள் எல்லோருக்கும் பொது. பட்டியல் சொல்வது யார் காத்திருக்கக் கூடாது என்பதை.

மத்திய சுகாதார அமைச்சகம் ஃபுளூ நோயாளிகளை ஏ, பி, சி என்று பிரித்து வைத்திருக்கும் முறை இந்த இடத்தில்தான் உதவுகிறது. லேசான காய்ச்சல், இருமல், தொண்டை வலி உள்ளவர் 'ஏ': பரிசோதனையும் வேண்டாம், வைரஸ் மருந்தும் வேண்டாம், வீட்டில் ஓய்வு, 24 முதல் 48 மணி நேரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். அதே லேசான காய்ச்சல் மேலே சொன்ன பட்டியலில் உள்ளவருக்கு வந்தால் அவர் 'பி'. கடும் காய்ச்சலும் கடும் தொண்டை வலியும் உள்ளவரும் 'பி'தான். 'பி'யில் இருப்பவருக்குப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்காமல் மருத்துவர் ஓசல்டாமிவிர் தொடங்கலாம். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம், ரத்த அழுத்தம் இறங்குவது, சளியில் ரத்தம், நகம் நீலமாவது, ஏற்கெனவே இருந்த நோய் திடீரென மோசமாவது 'சி': உடனே அனுமதி, பரிசோதனை, சிகிச்சை.

வைரஸ் தொடக்க நாட்களில்தான் வேகமாகப் பெருகுகிறது. ஓசல்டாமிவிர் அந்தப் பெருக்கத்தைத் தடுக்கும் மருந்து, எனவே முதல் 48 மணி நேரத்தில் கொடுத்தால்தான் முழுப் பலன். நோய் முற்றியவருக்குப் பிந்தியும் கொடுப்போம், ஆனால் அது இரண்டாம்பட்சம். பெரியவருக்கு 75 மி.கி. காலை மாலை ஐந்து நாள். குழந்தைக்கு எடையைப் பார்த்தும், சிறுநீரக நோயாளிக்கு ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவின் அளவைப் பார்த்தும் அளவு குறையும். சாப்பிட்டபின் போட்டால் குமட்டல் குறையும். மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கக் கூடாத மருந்து இது. இரண்டாம் நாளே சரியாகிவிட்டாலும் ஐந்து நாளையும் முடிக்க வேண்டும். பட்டியலில் உள்ளவர் "மூணு நாள் பார்த்துட்டுப் போகலாம்" என்று வீட்டிலிருப்பதுதான் எங்களுக்கு மிகுந்த கவலை தருகிறது. அந்த மூன்று நாளில்தான் மருந்து பலிக்கும் நேரம் கழிந்துபோகிறது.

வீட்டில் கவனிக்கும்போது வெப்பமானியைவிடப் பல்ஸ் ஆக்சிமீட்டர் அதிகம் சொல்லும். ஐந்து நிமிடம் அமர்ந்தபின், கையைத் தேய்த்துச் சூடாக்கி, நகப்பூச்சும் மருதாணியும் இல்லாத விரலில் மாட்டி, எண் நிலைக்கும் வரை ஒரு நிமிடம் பொறுங்கள். மாட்டியவுடன் தெரியும் முதல் எண்ணை எழுதக் கூடாது. 95-ம் அதற்கு மேலும் சரி. 94-ம் அதற்குக் கீழும் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். 90-க்குக் கீழே என்றால் 108. கருநிறத் தோலில் இந்தக் கருவி உண்மையைவிடக் கூட்டிக் காட்டக்கூடும் என்று ஆய்வுகளில் தெரிந்திருப்பதால் 95-ஐப் பார்த்துத் திருப்தியடையாமல் மூச்சையும் எண்ணுங்கள். பெரியவருக்கு நிமிடத்துக்கு 24-ஐத் தாண்டினால் கவலை, 30-ஐத் தாண்டினால் அவசரம். ஆக்சிஜன் இறங்கியும் சிலருக்கு மூச்சுத்திணறல் தெரியாது. சந்தேகமிருந்தால் வீட்டுக்குள் ஆறு நிமிடம் நடக்கச் சொல்லி மறுபடி பாருங்கள்; நாலு புள்ளி இறங்கினால் நுரையீரல் திணறுகிறது என்று பொருள். உட்கார்ந்தாலே மூச்சு வாங்குபவரை நடக்கவைக்க வேண்டாம்.

மூன்று, நாலு நாளில் காய்ச்சல் இறங்கி ஒரு நாள் நன்றாக இருந்துவிட்டு மறுபடி குளிரோடு ஏறினால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வைரஸ் புண்ணாக்கிய நுரையீரலில் பாக்டீரியா குடியேறும் நேரம் அது. 1918-ன் பெருந்தொற்றில் இறந்தவர்களில் பெரும்பாலோர் அப்படி வந்த நிமோனியாவில்தான் போனார்கள். அந்தக் கட்டத்தில் ஆன்டிபயாடிக் உயிர்காக்கும். முதல் நாளில் அதற்கு வேலையே இல்லை. 2023 மார்ச்சில் எச்3என்2 ஃபுளூ பரவியபோது இந்திய மருத்துவர் சங்கம் காரணமின்றி ஆன்டிபயாடிக் எழுத வேண்டாம் என்று மருத்துவர்களுக்கே அறிவுறுத்த நேர்ந்தது. கடையில் சொல்லி வாங்கும் மூன்று அசித்ரோமைசினும் ஒரு இருமல் மருந்தும் வைரஸைத் தொடாது.

அதைவிடக் கெடுதல், "ஒரு ஊசி போட்டா நாளைக்கே எழுந்துடுவேன்" என்று கேட்டுப் போடும் ஸ்டீராய்டு. காய்ச்சலையும் உடல்வலியையும் அது ஒரே இரவில் அமுக்குவதால் நோய் குணமானதுபோலத் தோன்றும். வைரஸ் பெருகும் நாட்களில் உடலின் எதிர்ப்பை அமுக்குகிறோம் என்பதே உண்மை. கொரோனாவில் 2020-ன் 'ரிகவரி' ஆய்வு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டின் பலனை நிரூபித்தது. ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களுக்கும் வென்டிலேட்டரில் இருந்தவர்களுக்கும்தான் அந்தப் பலன். ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் காணப்படவில்லை. ஃபுளூவில் வழக்கமாகக் கொடுக்கவே கூடாது. ஆஸ்துமா, சிஓபிடி முற்றியிருந்தால் மட்டும் மருத்துவர் முடிவெடுப்பார். 2021-ல் நாடெங்கும் கருப்புப் பூஞ்சை பரவியதற்குக் கட்டுப்பாடற்ற சர்க்கரையும் தேவையற்ற ஸ்டீராய்டும் கைகோத்ததே முக்கியக் காரணம். சர்க்கரை நோயாளிகளே, அந்த ஊசியைக் கேட்காதீர்கள். போட வந்தால் என்ன ஊசி என்று கேளுங்கள்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். பெரியவருக்கு 500 அல்லது 650 மி.கி. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. கல்லீரல் நோயாளியும் தினமும் மது அருந்துபவரும் ஒரு நாளில் 2 கிராமைத் தாண்டக் கூடாது. சளிக்கான கூட்டு மாத்திரைகளிலும் பாராசிட்டமால் இருக்கிறது, அட்டையின் பின்புறம் பார்க்காமல் இரண்டையும் போட்டால் அளவு இரட்டிப்பாகும். டெங்குவாக இருக்கலாம் என்ற சந்தேகம் தீரும்வரை டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் வேண்டாம், ரத்தக்கசிவை அவை கூட்டும். குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. வரை. இங்கேதான் பெரிய குழப்பம். பாராசிட்டமால் சிரப் 5 மி.லி.யில் 120 மி.கி. என்றும் 250 மி.கி. என்றும் இரு வகையில் கிடைக்கிறது. சொட்டு மருந்தோ ஒரே மி.லி.யில் 100 மி.கி. பன்னிரண்டு கிலோக் குழந்தைக்கு வேண்டியது 180 மி.கி. முதல் சிரப்பில் அது 7.5 மி.லி., இரண்டாவதில் 3.6 மி.லி., சொட்டு மருந்தில் 1.8 மி.லி. போனமுறை ஒரு பாட்டில், இந்தமுறை வேறு பாட்டில் என்று மாறும்போது "ஒரு மூடி கொடு" என்ற பழைய கணக்கு ஒன்று பலிக்காது, அல்லது விஷமாகும். லேபிளைப் படித்து, ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து கொடுங்கள். குழந்தையைப் போர்வைக்குள் உட்காரவைத்துக் கொதிக்கும் பாத்திரத்தில் ஆவி பிடிக்க வைக்காதீர்கள். சளியோடு வந்த குழந்தை வெந்நீர்க் காயத்தோடு அனுமதியாகிறது. மிளகு ரசமும் கசாயமும் பெரியவர்களின் தொண்டைக்கு இதமாக இருக்கும், குடிக்கலாம். மருந்துக்கு மாற்றாக்கி நாளைக் கடத்தாமல் இருந்தால் போதும்.

தடுப்பூசியைப் பற்றிய பேச்சு நம் மாநிலத்தில் குறைவு. ஃபுளூ தடுப்பூசி தேசிய இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் இல்லை என்பது அதற்கு ஒரு காரணம். வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் ஆண்டுக்கு ஒருமுறை போட வேண்டும். எதிர்ப்பு உருவாக இரண்டு வாரம் ஆகும். நம் உச்சம் அக்டோபர், நவம்பர் என்பதால் செப்டம்பரே நமக்குச் சரியான மாதம். மழை விட்டபின் "இந்த வருஷம் போடாமல் விட்டோமே" என்று வருந்துவதைவிட இப்போதே போய்க் கேட்கலாம். ஆறு மாதக் குழந்தை முதல் போடலாம். முதன்முறை போடும் ஒன்பது வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நாலு வார இடைவெளியில் இரண்டு தவணை. கர்ப்பிணிகளுக்கு எந்த மாதத்திலும் செயலிழந்த வைரஸ் தடுப்பூசி போடலாம், ஆறு மாதம் வரை தடுப்பூசி போட முடியாத சிசுவுக்குத் தாயின் எதிர்ப்பணுக்களே காவல். சளியே வராமல் தடுக்கும் ஊசி என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். நோய் முற்றாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. நிமோனியாவைத் தரும் ஒரு பாக்டீரியாவுக்கு எதிரான நிமோகாக்கல் தடுப்பூசியைக் குழந்தைகளுக்கு அரசே 6-ம் வாரம், 14-ம் வாரம், 9-ம் மாதம் இலவசமாகப் போடுகிறது. முதியோரும் நுரையீரல், இதய, சிறுநீரக நோயாளிகளும் தங்களுக்கு எந்த வகை என்று மருத்துவரைக் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

அரசுக்கு ஒரு யோசனை உண்டு. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த நோயாளிகளுக்கு வீட்டுக்கே மாத்திரை போகிறது. அபாயப் பிரிவினர் யார், எந்தத் தெரு என்ற பதிவேடு அந்த ஊழியர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. செப்டம்பர் மாத மாத்திரையோடு "உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் முதல் நாளே சொல்லுங்கள்" என்ற ஒரு சீட்டையும் கொடுத்து, நவம்பர் வரை ஒவ்வொரு முறை போகும்போதும் ஆக்சிமீட்டரில் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு வந்தால், 'பி' பிரிவு நோயாளி 'சி'யாக மாறும் முன்பே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்துவிடுவார். முதியோருக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஃபுளூ தடுப்பூசியை இலவசமாக்குவது அடுத்த படி.

உங்களிடம் கேட்பது இன்னும் எளிது. காய்ச்சல் எண்ணிக்கை வெளியாகும் ஒவ்வொரு நாளும் அதன் பக்கத்தில் ஒரு சிறு கட்டம் ஒதுக்குங்கள். அபாயப் பிரிவினர் யார், 48 மணி நேரக் கணக்கு, 94 என்ற எண், குழந்தையின் மூச்சு எண்ணும் அளவு, 104 ஆலோசனை எண், 108 ஆம்புலன்ஸ் ஆகியவை மட்டும் போதும். செப்டம்பர் மூன்றாம் வாரத்திலேயே முதல் கட்டம் வந்துவிட்டால் தடுப்பூசி போட நினைப்பவருக்கும் நேரம் இருக்கும்.

இப்படிக்கு,
பொதுமருத்துவம், நுரையீரல், குழந்தைகள் நலத் துறைகளில் பணிபுரியும் மருத்துவர்கள் சிலர்,
திருச்சி.